முளையாத விதையும் திரும்பும் விலையும்: யூதர் வாணிப நெறி பற்றிய ஒரு திறனாய்வு

அரியலூர் மாவட்டம், உடையார்பாளையம் வட்டத்தில், கொள்ளிடத்திற்கு வடபால் அமைந்த ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடம் தா.பழூர். ஆற்றை அடுத்த தாழ்நிலங்களில் நெல்லும், அதற்கு அப்பாலுள்ள மேட்டு நிலங்களில் கடலையும் சோளமும் பருத்தியும் முந்திரியும் விளைகின்றன. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் இப்பகுதி, 1995இல் பெரம்பலூர் மாவட்டத்தோடும், 2007இல் அரியலூர் மாவட்டத்தோடும் சேர்ந்தது. மாவட்டத்தின் பெயர் மாறினும் மேட்டு நிலத்து உழவரின் கவலை மாறவில்லை. மழை வருமா என்பது ஒரு கவலை. வாங்கிய விதை முளைக்குமா என்பது மற்றொன்று. முன்னது வானத்தைப் பொறுத்தது. பின்னது மனிதரைப் பொறுத்தது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, இரண்டுக்கும் ஒரே ஆறுதலைச் சொல்லிவிடும் பழக்கம் நம் அருளுரைகளில் உண்டு. அப்பழக்கத்திற்கு நானும் உட்பட்டவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தா.பழூரை அடுத்த சிற்றூர்ச் சபை ஒன்றில் அறுப்பின் பண்டிகை ஆராதனைக்குச் சென்றிருந்தேன். ஆராதனைக்கு முன் சபையின் மூப்பர் ஒருவர் என்னிடம் வந்து தம் குறையைக் கூறினார். விதைப்புக் காலத்தில் வணிகர் ஒருவரிடம் மூட்டைக் கணக்கில் விதைக்கடலை வாங்கியிருக்கிறார். ரசீது இல்லை. விதைத்ததில் பாதிக்கும் மேல் முளைக்கவில்லை. அருகிலிருந்த நிலத்தில் வேறிடத்து விதை நன்றாக முளைத்திருந்தபடியால், குறை மண்ணிலும் இல்லை, மழையிலும் இல்லை என்பது தெளிவு. வணிகரிடம் சென்று கேட்டபோது, “பெரியவரே, நீங்க கடலைன்னு கேட்டீங்க, கடலை கொடுத்தேன். முளைக்கும்னு எழுதியா கொடுத்தேன்?” என்ற மறுமொழியே கிடைத்தது. இதைச் சொல்லிவிட்டு மூப்பர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: “ஐயா, கெட்டுப்போன சாமானைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ள யூதருடைய சட்டத்தில் இடம் உண்டா?”

நான் அக்கேள்விக்கு விடை கூறவில்லை. 1 கொரிந்தியர் 6:7ஐ நினைவூட்டி, நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுவது கிறிஸ்தவனுக்கு அழகு என்றேன், ஜெபித்தேன். அவரும் “ஆமென்” என்றார். மீண்டும் வணிகரிடம் செல்லவில்லை. கடன் வாங்கி மறுபடி விதைத்தார் என்று பின்னர் அறிந்தேன். அவர் கேட்ட கேள்விக்கு யூதர் 1800 ஆண்டுகளுக்கு முன்னரே, அதுவும் முளையாத விதையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, விடை தேடியிருக்கின்றனர் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அந்த விடையை ஆராய்வதும், அதனை எதிர்கொள்ளாமல் நழுவும் நம் விளக்க மரபை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ‘அநியாயம்’ என்னும் ஒரு சொல்

வாங்குதல் விற்றல் பற்றிய யூதர் நெறிக்கு அடித்தளமாக அமைந்தவற்றுள் லேவியராகமம் 25:14 முதன்மையானது. விற்கும்போதும் வாங்கும்போதும் ஒருவரையொருவர் ‘ஓநாஆ’ செய்யலாகாது என்பது அதன் கருத்து. ‘ஓநாஆ’ என்பது பொதுவான அநீதி அன்று. பேரத்தில் மற்றவனுடைய அறியாமையையோ நெருக்கடியையோ பயன்படுத்தி அவனை மிஞ்சிப்போதலை அது குறிக்கும். நம் பழைய மொழிபெயர்ப்பு இதற்கு ‘அநியாயம்’ என்ற சொல்லை ஆளுகிறது. அதே சொல்லே லேவியராகமம் 19:35இல், அளவையும் நிறையையும் பற்றிய இடத்தில், வேறோர் எபிரேயச் சொல்லுக்கும் நிற்கிறது. 1 கொரிந்தியர் 6:7இலும் அதுவே வருகிறது. இதனால் நேர்ந்தது என்ன? வணிகன் செய்யலாகாது என்று லேவியராகமம் விலக்கியதும், விசுவாசி சகித்துக்கொள்ளலாகாதா என்று பவுல் கேட்டதும், தமிழ் வாசகனின் செவியில் ஒரே ஒலியாய் விழுகின்றன. விலக்கு மங்கிச் சகிப்பு மட்டும் நிலைத்துவிட்டது. மொழிபெயர்த்தோர் மேல் குற்றம் சுமத்த இதைக் கூறவில்லை. பரந்த சொல் ஒன்றைக் கையாண்டபோது அதன் கூர்மையை அருளுரையில் மீட்டுத் தரும் கடமை நம்முடையதாயிருந்தது. அதை நாம் செய்யவில்லை என்பதே என் குறை.

யூத ஆசிரியர்கள் அக்கூர்மையை இழக்கவில்லை. அவ்வதிகாரத்தின் 14ஆம் வசனத்திலும் 17ஆம் வசனத்திலும் இக்கட்டளை இருமுறை வருவதைக் கண்டு, முன்னது பொருளால் செய்யும் ஓநாஆ என்றும், பின்னது சொல்லால் செய்யும் ஓநாஆ என்றும் பிரித்தனர். வாங்கும் எண்ணமின்றி ஒரு பொருளின் விலையை வினவி விற்பவனை ஏங்கவைப்பதும் ஓநாஆ ஆகும் என மிஷ்னா கூறுகிறது (பாவா மெசியா 4:10). ஆகவே இந்நெறி வாங்குபவனுக்கு மட்டும் சலுகை தருவது அன்று. கடைத்திண்ணையின் இருபுறத்திலும் நிற்பவர்களை ஒருங்கே கட்டுப்படுத்துவது.

2. மிஷ்னா திறக்கும் இரு வாயில்கள்

கி.பி. 200ஐ ஒட்டி ரபி யூதா தொகுத்த மிஷ்னாவில், இப்பொருள் பற்றிய விதிகள் பெரும்பாலும் ‘பாவா மெசியா’, ‘பாவா பத்ரா’ என்னும் இரு நூல்களில் அடங்கியுள்ளன. ‘பாவா’ என்பதற்கு வாயில் என்பது பொருள். அவற்றை இடைவாயில், கடைவாயில் எனலாம். எருசலேமில் பணியாற்றிய ஆங்கிலிக்கன் குருவாகிய ஹெர்பர்ட் டான்பி 1933இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக நம் இறையியல் மாணவர் பலர் இவற்றை அறிவர்.

விற்ற பொருள் திரும்பிவர இந்நெறியில் இரு காரணங்கள் உண்டு. முதலாவது, மிகை விலை. ஒரு சேலாவுக்கு 24 மாஆ. அதில் 4 மாஆ, அதாவது ஆறில் ஒரு பங்கு, மிகையாயிருந்தால் அது ஓநாஆ ஆகும் (பாவா மெசியா 4:3). ஆறில் ஒன்றுக்குக் குறைந்தால் விற்பனை நிற்கும். சரியாக ஆறில் ஒன்றானால் விற்பனை நிற்க, மிகைத்தொகை திரும்பும். அதற்கும் மேற்பட்டால் விற்பனையே தள்ளுபடியாகும் எனத் தல்மூது விளக்குகிறது. வாங்கியவன் பொருளை வேறொரு வணிகனுக்கோ தன் உறவினனுக்கோ காட்டி விசாரிக்கும் அளவு காலம் அவனுக்கு உண்டு.

இங்கே மிஷ்னா ஒரு சிறு நிகழ்ச்சியைத் தருகிறது. லோது நகரில் ரபி தர்ஃபோன், மூன்றில் ஒரு பங்கு மிகையானால்தான் ஓநாஆ எனப் போதித்தார். அந்நகரத்து வணிகர் மகிழ்ந்தனர். பின்னர் அவர், பொருளைத் திருப்ப நாள் முழுவதும் தவணை உண்டு என்றார். உடனே வணிகர், தங்களைப் பழைய நிலையிலேயே விட்டுவிடும்படி வேண்டி, மற்ற அறிஞரின் விதிக்கே திரும்பிவிட்டனர். மிகை விலையைக் காட்டிலும் நீண்ட தவணைக்கே அவர்கள் அஞ்சினர் என்பது நோக்கத்தக்கது. விசாரித்தறிய நேரம் கிடைக்கப்பெற்ற ஏழையைவிட வணிகனுக்குப் பெரிய அச்சம் இல்லை என்பதை ஒரு வரி விளக்கமும் இன்றி இந்நிகழ்ச்சி உணர்த்திவிடுகிறது. சட்டநூலில் இத்தகைய நுட்பம் காணப்படுவது, யூதர் சட்டம் என்றாலே உயிரற்ற எழுத்து என்று எண்ணிப் பழகிய நமக்கு ஒரு திருத்தமாகும்.

இரண்டாவது காரணமே நம் பொருளுக்கு நெருங்கியது. அது ‘மேக்காக் தாஊத்’, அதாவது பிழைபட்ட கொள்முதல். பாவா பத்ரா 5:6 இதனை நான்கு நிலைகளாக வகுக்கிறது. நல்ல கோதுமை என்று விற்றது கெட்டதாயிருந்தால் வாங்கியவன் பின்வாங்கலாம். கெட்டது என்று விற்றது நல்லதாயிருந்தால் விற்றவன் பின்வாங்கலாம். கெட்டது கெட்டதாகவும் நல்லது நல்லதாகவும் இருந்தால் ஒருவரும் பின்வாங்க இயலாது. திராட்சரசம் என்று விற்றது காடியாகவோ, ஒலிவ மரம் என்று விற்றது காட்டத்தி மரமாகவோ இருந்தால் இருவருமே பின்வாங்கலாம். இந்நான்காம் நிலையே இந்நெறியின் உள்ளத்தைக் காட்டுவது. காடி தாழ்ந்தது, ரசம் உயர்ந்தது என்று மிஷ்னா கூறவில்லை. ரசத்தை விரும்புவோரும் உளர், காடியை விரும்புவோரும் உளர். ஆனால் இவ்விருவரும் ஒரே பொருளைப் பற்றி உடன்படவில்லை. ஆகவே அங்கு விற்பனை நிகழவே இல்லை.

இதன் பொருளை ஊன்றி நோக்க வேண்டும். பழுதுபட்ட பொருளைத் திருப்பும்போது வாங்கியவன் இரக்கம் கேட்கவில்லை. விற்றவன் இரக்கம் காட்டவும் இல்லை. நடந்ததாக இருவரும் எண்ணிய செயல் நடக்கவில்லை என்ற உண்மை அறிவிக்கப்படுகிறது, அவ்வளவே. பணம் இன்னும் வாங்கியவனுடையது. பொருள் இன்னும் விற்றவனுடையது. தத்தம் உடைமை தத்தம் கைக்குத் திரும்புகிறது.

12ஆம் நூற்றாண்டில் மைமோனிதெஸ் இவ்விதிகளைத் தம் ‘மிஷ்னே தோரா’ என்னும் நூலின் விற்பனை பற்றிய பகுதியில் ஒழுங்குபடுத்தினார். இந்தியாவோடு அவருக்கிருந்த தொடர்பு துயரமானது. அவருடைய இளவல் தாவீது, இந்திய வாணிபத்தை நாடிக் கடல்மேற் செல்லுகையில், தம் பணத்தோடும் பிறர் பணத்தோடும் மூழ்கி மாண்டார். வாணிபத்தின் இழப்பு இன்னதென்று வீட்டுக்குள் அறிந்திருந்த ஒருவரே அந்நூலின் ஆசிரியர்.

அவர் கூறுவனவற்றுள் நான்கு நமக்கு வேண்டும். ஒன்று, பழுதைப் பொறுத்தவரை காலவரம்பு இல்லை. பல ஆண்டு கழிந்தும் திருப்பலாம். ஆனால் பழுதை அறிந்தபின் பொருளைப் பயன்படுத்தினால் அவ்வுரிமையை விட்டுக்கொடுத்ததாகும். இரண்டு, எது பழுது என்பதை விற்றவன் தீர்மானிப்பதில்லை. அவ்வூரார் எதைப் பழுதென்று கொள்வரோ அதுவே பழுது. மூன்று, விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துப் பழுதான பொருளை வாங்கியவன் தலையில் கட்ட இயலாது. அவன் விரும்பினால் முழு விலையையும் திரும்பப் பெறலாம். நான்கு, ‘பழுதுக்கு நான் பொறுப்பல்ல’ என்ற பொதுவான நிபந்தனை விற்றவனைக் காவாது. எந்தப் பழுது என்று அவன் விளங்கச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது வாங்கியவன் எத்தனை தொகைவரை விட்டுக்கொடுப்பதாகக் கூறியிருக்க வேண்டும். விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது என்று அச்சிட்ட பலகையைத் தொங்கவிடும் நம் கடைவீதிகளுக்கு இந்நான்காம் விதி நேரே பேசுகிறது.

3. விதை என்னும் சோதனை

இனி மூப்பரின் கேள்விக்கு வருவோம். பாவா பத்ரா ஆறாம் அதிகாரத்தின் முதல் விதி இதுவே: ஒருவன் தானியத்தை விற்றான், வாங்கியவன் விதைத்தான், அது முளைக்கவில்லை. விற்றவன் பொறுப்பாளி அல்லன். பெரும்பாலும் விதைப்பதற்கே வாங்கப்படும் ஆளிவிதையாயிருந்தாலும் அப்படியே. ரபான் சிமெயோன் பென் கமாலியேல் மட்டும், உண்ணப்படாத தோட்ட விதைகளுக்கு விற்றவன் பொறுப்பாளி என்கிறார். இவர் பவுலின் ஆசிரியராகிய கமாலியேலின் வழிவந்தவர். மிஷ்னாவைத் தொகுத்த ரபி யூதாவின் தந்தை.

திறனாய்வாளர் இங்கே நிற்க வேண்டும். முந்திய அதிகாரத்தில் கோதுமைக்கும் ரசத்துக்கும் அத்துணை நுட்பமாய் நீதி வழங்கிய நூல், உழவனின் விதைக்கு வந்ததும் தயங்குகிறது. காரணம் இது: தானியம் இருவகைப் பயனுடையது. உண்ணவும் ஆகும், விதைக்கவும் ஆகும். உண்பதற்கு அது பழுதன்று. விற்றவனிடமிருந்து பணத்தைப் பெற விரும்புகிறவன்தான் சான்று காட்ட வேண்டும் என்பது யூதர் சட்டத்தின் பொது விதி. ஐயம் எழுந்த இடத்தில் பணம் யார் கையில் உள்ளதோ அவனிடமே நிற்கும். விதைப்பதற்கு முன்னரே உழவன் பணத்தைக் கொடுத்துவிடுகிறான். ஆகவே ஐயத்தின் பாரம் முழுவதும் அவன்மேல் விழுகிறது. தா.பழூர் வணிகர் கூறிய மறுமொழியும் இதுவன்றோ? கடலை உண்ணவும் ஆகும், எண்ணெய்க்கும் ஆகும், விதைக்கவும் ஆகும். அவர் மிஷ்னாவைப் படித்தவர் அல்லர். ஆயினும் அதன் பெரும்பான்மைக் கருத்தின் நிழலில்தான் நின்றார்.

ஆனால் மிஷ்னாவோடு ஆராய்ச்சி முடியவில்லை. தல்மூது இதே அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு மாட்டின் வழக்கைக் கொண்டுவருகிறது. விற்ற எருது முட்டும் எருதாயிருந்தது. ராவ் என்பவர், அது பிழைபட்ட கொள்முதல் என்றார். சமுவேல் என்பவர், ‘நான் அதை அறுப்பதற்கே விற்றேன்’ என்று விற்றவன் கூறலாம் என்றார். முடிவில் சமுவேலின் கருத்தே நிலைபெற்றது. ஆனால் முடிவைக் காட்டிலும் இடையில் எழும் கேள்விகளே விலைமதிப்புள்ளவை. வாங்கியவன் உழுவதற்கு மாடு வாங்குகிறவனா, அறுப்பதற்கு வாங்குகிறவனா என்று பார்க்கலாகாதா? கொடுத்த விலை உழவு மாட்டின் விலையா, இறைச்சி மாட்டின் விலையா என்று பார்க்கலாகாதா? இவை விளங்கினால் வழக்கும் விளங்கிவிடும். இருவகைக்கும் வாங்கும் ஒருவன், இரு விலையும் ஒன்றாயிருந்த காலத்தில் வாங்கியபோது மட்டுமே சமுவேலின் விதி செல்லும் என்று தல்மூது அதை ஒடுக்கிவிடுகிறது.

இக்கேள்விகளைத் தா.பழூருக்குக் கொண்டுவருவோம். வாங்கியவர் யார்? மேட்டு நிலத்து உழவர். வாங்கிய காலம் எது? விதைப்புக் காலம். கேட்ட பெயர் என்ன? விதைக்கடலை. கொடுத்த விலை எது? எண்ணெய் ஆட்டும் கடலையின் விலையைக் காட்டிலும் மிகுந்த விலை. இந்நான்கும் ஒருமுகமாய் நிற்கையில், ‘நீர் கடலை கேட்டீர், கடலை கொடுத்தேன்’ என்னும் மறுமொழி சமுவேலின் அரங்கிலும் எடுபடாது. மைமோனிதெஸும், விதைப்பதற்கென்று அறிவித்து வாங்கியிருந்தால் விற்றவன் பொறுப்பாளி என்று முடிவுசெய்தார். உண்ணப்படாத தோட்ட விதை தன் குறையாலேயே முளைக்காதிருந்தால் விலையைத் திருப்ப வேண்டும், கல்மழை முதலியவற்றால் கெட்டிருந்தால் வேண்டியதில்லை என்றும் பிரித்தார். வானத்தின் செயலையும் மனிதரின் செயலையும் பிரிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் கூறியது இதுவே.

திரும்ப வேண்டியது எவ்வளவு என்ற கேள்வியும் அங்கே எழுகிறது. விதையின் விலை மட்டும் என்பது ஒரு கருத்து. உழவுச் செலவும் சேர்த்தே என்பது மற்றொரு கருத்து. இரண்டையும் தல்மூது பதிவுசெய்கிறது. முளையாத விதைக்காக உழுத கூலியையும், கடந்துபோன பருவத்தையும் யார் ஈடுசெய்வது என்ற அக்கேள்வியில் உழவனின் வாழ்வு முழுவதும் அடங்கியிருக்கிறது.

4. நம் நாட்டுச் சட்டத்தோடு ஒப்புநோக்கல்

மூப்பர் யூதர் சட்டத்தைப் பற்றிக் கேட்டார். நாட்டுச் சட்டத்தையும் நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வாங்குபவனே எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்ற பொதுவிதியைக் கூறி, அதற்கு விலக்கும் தருகிறது: எதற்காக வாங்குகிறேன் என்பதை விற்பவனுக்கு உணர்த்தி, அவனுடைய திறமையை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அப்பயனுக்குத் தகுதியாயிருத்தல் உள்ளடங்கிய நிபந்தனையாகும். மைமோனிதெஸ் கூறிய ‘விதைக்கென்று அறிவித்தல்’ இங்கேயும் நிற்கிறது. ஆயினும் பொருளை ஏற்றுக்கொண்டபின், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, திருப்பும் உரிமை போய் இழப்பீடு கேட்கும் உரிமையே எஞ்சும் என்கிறது அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு. முழு விலையும் திரும்பும் யூதர் நெறி இவ்விடத்தில் ஏழைக்கு நெருக்கமானது.

1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் விதையின் தரத்தை வரையறுக்க வழிசெய்தது. சான்று பெற்ற நெல் விதை நூற்றுக்கு 80, நிலக்கடலை விதை நூற்றுக்கு 70 முளைக்க வேண்டும் என்பது நியமம். ஒரு நூறு அத்திப்பழத்தில் பத்துப் புழுத்தவற்றையும், ஒரு சேயா கோதுமையில் கால் காப் குப்பையையும் வாங்குபவன் ஏற்க வேண்டும் என்று மிஷ்னா வகுத்ததை இது நினைவூட்டும் (பாவா பத்ரா 6:2). பூரணத்தைக் கேட்பது நீதியன்று; எல்லையைக் குறிப்பதே நீதி.

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், விதை வாங்கிய உழவன் நுகர்வோனா என்ற கேள்வி எழுந்தது. ஆந்திர உழவர்கள் சிலர் தொடுத்த வழக்குகளில் தேசிய விதைக் கழகம் மேல்முறையீடு செய்ய, 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உழவர் நுகர்வோரே என்றும், விதைச் சட்டம் இருப்பதால் நுகர்வோர் மன்றத்தின் வாயில் அவர்களுக்கு அடைபடாது என்றும் தீர்ப்பளித்தது. ஆய்வுக்கு அனுப்ப விதையின் மாதிரி வேண்டுமே என்ற வாதத்திற்கும் அது விடை கூறியது: உழவன் வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுவான், வழக்காடும் எண்ணத்தோடு ஒரு பங்கை எடுத்துவைக்கும்படி அவனிடம் எதிர்பார்க்கலாகாது. சான்றின் பாரத்தை ஏழையின் தோளிலிருந்து சற்றே இறக்கிய இத்தீர்ப்பு, மிஷ்னாவின் பெரும்பான்மையினர் தயங்கி நின்ற இடத்தைக் கடந்துசென்றது எனலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தின்கீழும் மாவட்ட ஆணையத்தை அணுக வழி உண்டு. முறையீட்டுக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் அணுக வேண்டும்.

5. நெறியின் குறைபாடுகள்

யூதர் நெறியைப் பாராட்டுவதோடு நின்றால் அது திறனாய்வாகாது. அதன் குறைகள் இரண்டினைக் குறிக்க வேண்டும்.

முதலாவது, ஓநாஆ விதியினின்று நிலத்தையும் அடிமைகளையும் மிஷ்னா விலக்கிவிடுகிறது (பாவா மெசியா 4:9). ஆனால் லேவியராகமம் 25:14 எழுந்த இடம் எது? யூபிலி ஆண்டுக் கணக்கில் நிலம் கைமாறும் இடமன்றோ? நிலத்தை விற்கும் ஏழையைக் காக்க எழுந்த வசனத்திலிருந்து, கைக்குக் கை மாறும் பொருளுக்கே அது பொருந்தும் என்று சொல்லாராய்ச்சியால் நிலத்தை நீக்கியது, எழுத்தைக் காத்து நோக்கத்தை நழுவவிட்டதற்கு எடுத்துக்காட்டாகும். மனிதரை விற்பனைப் பொருளாகவே கருதியதைப் பற்றிக் கூற வேண்டியதில்லை.

இரண்டாவது, ‘பிறன்’ என்பவன் யார் என்பது. சட்டத்தின் வழியாக விலையைத் திரும்பப் பெறும் உரிமை தன் இனத்தானுக்கே என்று ஓநாஆ விதியைச் சுருக்கியோர் அம்மரபில் உளர். ஆயினும் மைமோனிதெஸ், வாங்குவதிலும் விற்பதிலும் மனிதரை வஞ்சிக்கலாகாது. இதில் இஸ்ரவேலனும் புறவினத்தானும் சமம். விற்கும் பொருளில் பழுது உண்டென்று அறிந்தவன் அதை வாங்குபவனுக்கு அறிவிக்கக் கடவன் என்று எழுதினார். மரபே தன்னைத் திருத்திக்கொள்ளும் இடம் இது. நாம் அவர்களைக் குறைகூறுமுன், நம் வணிகர் சபையாருக்கு ஒரு படியும் பிறருக்கு ஒரு படியுமாய் அளப்பதில்லையா என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

6. நம் அருளுரைகளின் குறைபாடு

சட்டம் வேறு, கிருபை வேறு; யூத சமயம் சட்டத்தின் சமயம், நம்முடையது கிருபையின் சமயம் என்று கோடு கிழிப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம். 1977இல் ஈ. பி. சாண்டர்ஸ் பவுலையும் பாலஸ்தீன யூத சமயத்தையும் பற்றி எழுதிய நூல், யூதருடைய சட்டப்பற்று கிருபையின் உடன்படிக்கைக்குள் அமைந்ததே என வாதிட்டு, அக்கோட்டை அசைத்தது. கல்லூரி வகுப்பறைகளில் நாம் அதைக் கற்பிக்கிறோம். பிரசங்க பீடத்தில் மறந்துவிடுகிறோம். மறப்பதால் யாருக்கு நஷ்டம்? முளையாத விதையோடு நிற்பவனுக்கு.

நான் மூப்பருக்குக் காட்டிய பகுதியையே மீண்டும் படிக்கலாம். 1 கொரிந்தியர் 6:7 நஷ்டப்பட்டவனை நோக்கிப் பொறுத்துக்கொள்ளலாகாதா என்று கேட்கிறது. ஆனால் 8ஆம் வசனம் உடனே திரும்பி, சகோதரரையே நஷ்டப்படுத்துகிறவர்களைக் குற்றஞ்சாட்டுகிறது. 5ஆம் வசனமோ, சகோதரருக்குள் வழக்குத் தீர்க்கத்தக்க ஞானி ஒருவனாவது உங்களுக்குள் இல்லையா என்று வெட்கப்படுத்துகிறது. பவுல் வழக்கே வேண்டாம் என்று கூறவில்லை. வழக்கைத் தீர்க்காத சபையைக் கடிந்துகொள்ளுகிறார். நாமோ 5ஐயும் 8ஐயும் விட்டுவிட்டு, 7ஐ மட்டும் எடுத்து, இழந்தவனுக்கு வாசித்துக் காட்டுகிறோம். வணிகருக்கு 8ஆம் வசனத்தை வாசித்துக் காட்டிய ஆயர் எத்தனை பேர்? நான் வாசித்ததில்லை.

திருமறை இதில் மௌனமாயில்லை. கோதுமையின் பதரை விற்கிறவர்களை ஆமோஸ் பெயர் சொல்லாமல் அடையாளம் காட்டுகிறான் (ஆமோஸ் 8:6). லேவியராகமம் 19:36இல் வரும் ‘ஹின்’ என்னும் முகத்தலளவையின் பெயரை, ‘ஆம்’ எனப் பொருள்படும் சொல்லின் ஒலியோடு இணைத்து, உன் ஆம் நேர்மையான ஆமாகவும் உன் இல்லை நேர்மையான இல்லையாகவும் இருக்கட்டும் என்று ரபிமார் விளக்கினர். நம் ஆண்டவரின் மலைப்பிரசங்கத்தில் ஆமும் இல்லையும் பற்றி வரும் போதனையை (மத்தேயு 5:37) இதனருகில் வைத்துப் படித்தால், அது ஆணையிடுவதைப் பற்றியது மட்டுமன்று, அளந்து விற்பதையும் தொடுவது என்பது விளங்கும். சகேயுவின் வீட்டிலும், அநியாயமாய் வாங்கியதைத் திருப்புவதாகிய அறிவிப்பு இரட்சிப்பின் அறிவிப்போடு ஒரே மேசையில் அமர்ந்திருக்கிறது.

மன்னிப்பைத் தாழ்த்துவதற்காக இவற்றைக் கூறவில்லை. மன்னிப்பதற்கு முதலில் ஒரு கடன் இருக்க வேண்டும்; அக்கடன் கடனென்று ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். விலை தனக்குரியது என்று அறிந்து, அதைக் கேட்டுப்பெறும் உரிமையும் தனக்குண்டு என்று அறிந்த ஒருவன், அதன்பின் விட்டுக்கொடுத்தால் அது மன்னிப்பு. உரிமை உண்டென்பதே அறியாமல் அவன் வாயடைத்து நிற்பது மன்னிப்பன்று. அதுவும் ஒரு பிழைபட்ட கொள்முதலே. நான் மூப்பருக்குக் கிருபை என்று சொல்லிக் கொடுத்தது வெறும் மௌனமாயிருந்தது. மிஷ்னாவின் மொழியில் சொன்னால், ரசம் என்று சொல்லிக் காடியை விற்றேன்.

ஆகவே அவர் கேள்விக்கு நான் அன்று தர வேண்டியிருந்த விடையை இன்று எழுதுகிறேன். ஆம் ஐயா, யூதருடைய சட்டத்தில் இடம் உண்டு. விதைக்கென்று சொல்லி வாங்கிய விதை தன் குறையால் முளைக்காவிட்டால் விலை திரும்ப வேண்டும். உழவுச் செலவும் திரும்ப வேண்டும் என்போரும் அவர்களுக்குள் உளர். நம் நாட்டுச் சட்டத்திலும் இடம் உண்டு; அதற்கு ரசீது பெரிதும் துணைசெய்யும், காலவரம்பும் உண்டு. வணிகரிடம் செல்லும்போது தனியே செல்ல வேண்டாம். சபையின் ஆயரும் உடன் வர வேண்டும். பவுல் தேடிய அந்த ஞானி ஆயராயிராவிட்டாலும், நியாயம் கேட்கச் செல்பவனோடு நடந்து செல்லவாவது அவருக்குக் கால்கள் உண்டு.